இங்க ஏது வசந்தகாலம்? ராஜா பாஸ் நிக்கிற எடம் கேட்ட தம்பிக்கு

கேள்வி, 15 பிப்ரவரி 2025

அண்ணன்மாருங்களே ஒரு டவுட்டு. யூடியூப்ல அமெரிக்காக்காரங்க பாஸ் மீனு புடிக்கிற வீடியோ நெறைய பாக்குறேன். எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி வசந்தகாலம் ஆரம்பிக்கறப்ப வடக்குக் கரைக்குப் போ, ஆழமில்லாத மூலையா பாரு, அடியில கருஞ்சேறு இருக்கணும், பாறை இருந்தா இன்னும் விசேஷம்ங்கறாங்க. நானும் இங்க மலேசியாவுல பூச்சோங் பக்கம் ஒரு ஈயக்குட்டையில, அதான் பழைய ஈயச்சுரங்கக் குழியில தண்ணி நின்ன குட்டையில, போன்ல திசைகாட்டி வெச்சு வடக்குக் கரைய கண்டுபுடிச்சு நாலு ஞாயித்துக்கெழம நின்னேன். நாலும் கும்பாவ், வெறுங்கையோடதான் வந்தேன். ஒரு தட்டு கூட இல்ல. எனக்கு ராஜா பாஸ்தான் வேணும். எடம் தப்பா, மாசம் தப்பா, இல்ல நான்தான் தப்பா?

16 பிப்ரவரி, ராத்திரி

மூனும் தப்பு தம்பி. கோவிச்சுக்காத, இதே கூத்த நானும் பண்ணவன்தான், என்ன, எங்க காலத்துல யூடியூப் இல்ல, பழைய தூண்டில் புத்தகம் ஒன்ன வெச்சுக்கிட்டு பண்ணேன்.

மொதல்ல ஒன்னு தெரிஞ்சுக்க, அவங்க பாஸ் வேற நம்ம பாஸ் வேற. அவங்களோடது பெரியவாய் பாஸ், குளிர் தெரிஞ்ச மீனு. நம்ம ராஜா, அதாவது பீக்கோக் பாஸ், அமேசான் பக்கத்துலேர்ந்து கொண்டாந்து இங்க விட்டது. அது பாஸ் குடும்பமே கெடையாது, திலாப்பியாவுக்கு ஒன்னு விட்ட தம்பி. பேருதான் பாஸ். மாமாக் கடையில நம்மளயும்தான் பாஸ்னு கூப்புடுறான், கல்லாப்பெட்டி நம்மளோடதா?

இப்ப அந்த வடக்குக் கரை கதைக்கு வா. அங்க குளிர்காலம் முடியறப்ப மீனு ஆழத்துல மந்தமா கெடக்கும். தண்ணி 10 டிகிரிய தாண்டினா அசைய ஆரம்பிக்கும், 13, 15னு ஏறறப்ப முட்டை போட எடம் பாத்து கரைப்பக்கம் வரும். நான் ஏர்கான் வேல பாக்குறவன், நம்பரா சொன்னாதான் எனக்கு மண்டையில ஏறும், ரிமோட்ல ஆகக் கீழ 16தான் இருக்கும், அவங்க மீனு அதுக்கும் கீழ இருக்கறப்பவே சோறு தேடி கெளம்பிருது. நம்ம ராஜாவ 16ல போட்டா செத்து மெதந்துரும்.

அங்க அந்த மாசத்துல சூரியன் தெக்குப் பக்கமா சாஞ்சு நிக்கும், அதனால ஏரியோட வடக்கு ஓரத்துல வெயில் நல்லா விழும், அந்தத் தண்ணி மொதல்ல சூடாகும், கருஞ்சேறும் பாறையும் சூட்ட புடிச்சு வெச்சுக்கும். அவ்ளோதான் ரகசியம். இங்க மார்ச் கடைசியில மத்தியானம் ஒன்னேகாலுக்கு வெளிய போயி நின்னு பாரு, உன் நெழலு உன் செருப்புக்கு அடியில கெடக்கும். நம்மூர்ல வடக்கென்ன தெக்கென்ன.

17 பிப்ரவரி

ஒரு அண்ணன் தனியா மெசேஜ் போட்டு என்ன திருத்திட்டாரு. அமெரிக்கா பாஸும் நெசமான பாஸ் இல்லையாம், சன்ஃபிஷ்னு வேற ஒரு குடும்பமாம். சரி, அப்ப உலகத்துல யாருதான் பாஸ்?

20 பிப்ரவரி

நேத்து வேல சீக்கிரம் முடிஞ்சிருச்சு. வேன்ல ஏர்கான் பைப்புல மாட்டி சூடு பாக்குற வயரு இருந்துச்சு, அஞ்சு மீட்டர் இருக்கும், அதோட நுனியில ஈயக்குண்டு கட்டி என் வழக்கமான குட்டையில எறக்கிப் பாத்தேன். சாயங்காலம் மூனரைக்கு மேல்தண்ணி 32. மூனு மீட்டர் கீழ 29. இன்னிக்கு காலையில எட்டு மணிக்கு மறுபடி போனேன், மேல 28.5, கீழயும் கிட்டத்தட்ட அதேதான்.

எங்கூட வர்ற மலாய்க்காரக் கூட்டாளி ஒருத்தன் இருக்கான், பள்ளிக்கூடத்துலேர்ந்து பழக்கம். நான் வயர எறக்குறத பாத்துட்டு, "என்னடா, குட்டைக்கு கேஸ் ஏத்தப் போறியா"ன்னான்.

ஆனா பாரு, அங்க மீனு சூட்டத் தேடி வருது, இங்க சூட்டுக்கு பயந்து ஓடுது. அதனால நீ தேட வேண்டியது வெயில் விழற எடத்த இல்ல, நெழல் விழற எடத்த. காலையில கெழக்குப் பக்கம் மேடா மரமா இருந்தா அதோட அடியில ஒம்போது, ஒம்போதரை வரைக்கும் நெழல் நிக்கும். சாயங்காலம் மேற்குப் பக்கம். உன் போன் திசைகாட்டிக்கு இதுதான் வேல, வடக்க காட்டறதுக்கு இல்ல.

இன்னொன்னு, ராஜா கண்ணால பாத்து அடிக்கிற மீனு. ராத்திரி வேட்டைக்கு வராது. கிட்டத்தட்ட ஆபீஸ் நேரம்தான், அதனால விடியறதுக்கு முன்னாடி டார்ச் லைட்டோட போயி நின்னு கொசுவுக்கு ரத்தம் குடுக்காத.

23 பிப்ரவரி, ஞாயிறு

இப்பதான் நெசமான விஷயம். நேத்து மூனு மணி நேரம் குட்டையச் சுத்தி நடந்தேன், ஜோரான் இல்லாம. ஆமா, தூண்டில வேன்லயே விட்டுட்டுப் போனேன். பொண்டாட்டி கேட்டா சொல்லிராதீங்க, மீன் புடிக்கத்தான் போனேன்னு சொல்லியிருக்கேன்.

நம்மூருக்கு வசந்தகாலம் இல்லேன்னு மொதல்ல சொன்னேன்ல, அத கொஞ்சம் மாத்திக்கறேன். ஒன்னு இருக்கு. தைப்பூசத்த ஒட்டி ஒரு ரெண்டு மாசம். மழை கொறைஞ்சு பத்துமலையில தார் ரோடு கால சுடுமே, அந்த நாளுங்க. அப்ப குட்டையில தண்ணி எறங்கும். என் குட்டையில ஒரு மீட்டருக்கு மேலயே எறங்கியிருக்கு, கரையில பழைய தண்ணி நின்ன கோடு தெரியுது, முக்கால் ஆள் ஒசரம். அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கறது பூராவும் மே மாசம் மீனு நிக்கப் போற வீடு. இப்ப கூரைய பிரிச்சு வெச்ச மாதிரி கெடக்கு. போயி பாக்க வேண்டியதுதான்.

ஈயக்குட்டைய ஏரின்னு நெனைக்காத. ஏரிக்கு அடி மெதுவா சரியும். இது மனுஷன் வெட்டின குழி. தண்ணிய பீச்சி அடிச்சு மண்ண கரைச்சு, அந்தக் குழம்ப பம்பு வெச்சு மேல ஏத்தி பாலோங்ல, அதாவது மரக்கால் மேல நிக்கிற நீளமான மர வாய்க்கால்ல, ஓட விட்டு ஈயத்த எடுத்தாங்க. மிச்சமான மணல ஒரு பக்கம் கொட்டுவாங்க, சேத்துத்தண்ணிய இன்னொரு பக்கம் விடுவாங்க. அதனால ஒரே குட்டைக்கு மூனு மாதிரி கரை இருக்கும். வெட்டின பக்கம், செவுரு மாதிரி, ரெண்டு அடி வெச்சா ஆள் ஆழம். மணல் கொட்டின பக்கம், நாக்கு நீட்டின மாதிரி உள்ள போவும். அப்புறம் சேத்துப் பக்கம், அங்க புல்லும் நாணலும் மொளைச்சிருக்கும்.

ராஜாவுக்கு புடிச்சது அந்த மணல் நாக்கோட நுனி, அது எங்க திடீர்னு ஆழமாகுதோ அந்த முறியிற எடம். சின்ன திலாப்பியாக் குஞ்செல்லாம் மணல்ல வெளையாடும், இது ஆழத்துல ஒளிஞ்சு நின்னு பாக்கும், ஒரே பாய்ச்சல், திரும்ப உள்ள. நேத்து நடக்கறப்ப நான் பத்து வருஷமா தெரியாம நின்ன எடத்துல பழைய பாலோங் கால் நாலு தண்ணிக்கு மேல தலைய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தொடைத் தடிமன் மரம், கருப்பா, தொட்டா வழவழன்னு. நாலுல ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு நரம்பு வயரும் துருப்புடிச்ச முள்ளும் சிக்கியிருந்துச்சு. என் முள்ளுதான்னு நெனைக்கறேன், நான் வழக்கமா போடற ரெட்டை முடிச்சு. மூனு லூர், அதான் தூண்டில்ல மாட்டற பொம்மை மீனு, அந்தப் பக்கம் அந்து போச்சு எனக்கு, கல்லுன்னு நெனைச்சு அந்த எடத்தையே விட்டுட்டு தள்ளி நின்னுட்டிருந்தேன் இத்தன வருஷமா. மீனு எங்க இருந்துச்சோ அங்கேர்ந்து நானே ஓடியிருக்கேன்.

என்ன பண்ணேன்னா, செருப்ப பக்கத்துல வெச்சு அளவுக்கு ஒரு போட்டோ, அப்புறம் கரையில நிக்கிற ஒரு பெரிய மரத்துலேர்ந்து எத்தன எட்டுன்னு எண்ணி போன்ல எழுதி வெச்சேன். மரத்துலேர்ந்து 22 எட்டு, மணலுக்கு நேரா, பாலோங் கால். மழை வந்து எல்லாம் மூழ்கினப்புறம் 22 எட்டு நடந்து போடப் போறேன்.

24 பிப்ரவரி

ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க. ஈயம்னா அது வேற உலோகமாம், தூண்டில்ல கட்டற குண்டு செய்யறது. இங்க தோண்டினது வெள்ளீயம். நூறு வருஷமா நாம பூரா தப்பா ஈயக்குட்டைன்னு சொல்லிக்கிட்டு இருக்கோமாம். ஒத்துக்கறேன் டீச்சர், ஆனா "வெள்ளீயக்குட்டைக்குப் போறேன்"னு சொன்னா எங்கப்பா மூட்டையக் கட்டிக்கிட்டு எங்க போறேன்னு கேப்பாரு. அவரு ஒரு லொம்போங்ல, அதான் சுரங்கத்துல, பம்பு பாத்தவரு. 1985ல ஈய வெல தரைய தொட்டப்ப வேல போயிருச்சு, பம்ப நிறுத்தின மறுநாளுலேர்ந்தே குழியில தண்ணி நெறைய ஆரம்பிச்சிருச்சாம். அதுக்கு முன்னாடி பகலும் ராத்திரியும் பம்பு ஓடினதாலதான் குழி குழியா இருந்துச்சு. நாங்க மீன் புடிக்கிற தண்ணி பூரா வேல போனவங்க விட்டுட்டுப் போன தண்ணின்னு அவருதான் சொல்வாரு.

2 மார்ச்

பினாங்கு மாமா ஒருத்தரு காரசாரமா எழுதியிருக்காரு. நெசமான பாஸ்னா சியாகாப்தானாம், நம்ம கொடுவா, கடல் பாஸ்னு ஓட்டல் மெனுவுல போடறாங்களே அது. கேஎல்காரன் சேத்துத்தண்ணியில சீமை மீன தொரத்தறான், நாங்க பாலத்துத் தூணுக்கிட்ட படகு கட்டி எட்டு கிலோ கொடுவா எடுக்கறோம்ங்கறாரு. மாமா, சேத்துத்தண்ணின்னு திட்டாதீங்க, எங்க ஊரு கோலாலம்பூர் பேருலயே லும்பூர் இருக்கு, மலாய்ல லும்பூர்னா சேறுதான்.

ஆனா அவரு சொன்னதுல ஒன்னு எனக்கு ரொம்ப புடிச்சுது. பாலத்துத் தூணுல மீனு எப்பவும் நிக்காது, தண்ணி ஏறறப்ப ஒரு பக்கம், எறங்கறப்ப எதிர்ப்பக்கம், நீரோட்டத்துக்கு மறைஞ்சு நிக்கும்ங்கறாரு. அதத்தான் நானும் சொல்றேன். அமெரிக்கால மீன நகத்தறது சூடு, பினாங்குல ஏத்தம் வத்தம், எங்க குட்டையில தண்ணி மட்டமும் மழையும். ஊருக்கு ஊரு மேஸ்திரி வேற.

கொடுவா ஆம்பளையா வளந்து பெரிசானப்புறம் பொம்பளையா மாறும், அதனால மாமா எடுத்த எட்டு கிலோ அநேகமா பொம்பளதான், அத விட்டிருக்கலாம். சும்மா சொன்னேன், நானா இருந்தாலும் கறி வெச்சிருப்பேன்.

9 மார்ச்

கூட்டாளி நோன்பு. ஏழரைக்கு வந்து பத்து மணிக்கெல்லாம் கெளம்பிட்டான், வெயில்ல தொண்டை காஞ்சிருமாம். அவன் போனப்புறம் எனக்கு ஒரு கூத்து நடந்துச்சு.

23ஆம் தேதி எழுதினேன்ல, தண்ணி எறங்கினா நடந்து பாருன்னு. அதுல முக்கியமான ஒன்ன எழுதாம விட்டுட்டேன், தப்பு என்னோடதுதான். சேத்துப் பக்கம் நடக்காதீங்க. மேல காஞ்சு வெடிச்சு, பாக்க சிமெண்டு மாதிரி இருக்கும். நான் நாலாவது எட்டு வெச்சேன், வலது கால் முட்டிக்கு மேல உள்ள போயிருச்சு. இழுத்தா மத்த கால் போவுது. அசையாம அப்பிடியே பின்னால சாஞ்சு உக்காந்துட்டேன், பைய அடியில போட்டு அது மேல ஒடம்ப சாச்சு, கொஞ்சம் கொஞ்சமா கால உருவினேன். இருவது நிமிஷம் ஆச்சு. பூட்ஸ் உள்ளயே இருக்கு, நம்ம ஊர் ஈயச்சுரங்க வரலாத்துக்கு நான் போட்ட மொய். ஒத்தக் கால் பூட்ஸோட வேன் ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல எறங்கினா பொண்டாட்டி ஒன்னுமே கேக்கல, குழாய மட்டும் தொறந்து விட்டா.

செவுத்துப் பக்கமும் கவனம். ஓரத்துல நின்னா அடிமண்ணு அரிச்சிருக்கும். தனியா போகாத, சின்னப் பசங்கள கூட்டிக்கிட்டுப் போகவே போகாத. இந்தக் குட்டைங்கள்ல வருஷா வருஷம் புள்ளைங்க போவுது.

10 மார்ச்

தம்பி கேக்கறான், "அண்ணே, நான் நின்ன வடக்குக் கரை எந்த மாதிரி?" போட்டோ அனுப்பியிருக்கான். தம்பி, நீ நின்னது சேத்துப் பக்கம். அங்க தோமான் இருக்கலாம், அதான் பெரிய விரால் சாதி, சாதா விரால் இருக்கலாம், ராஜாவுக்கு அங்க வேல இல்ல. அதோட நீ போடறத வீடியோவுல பாத்தேன், எல்லாத்தையும் குட்டைக்கு நடுவுல விட்டெறியற. நடுவுல ஒன்னுமில்ல, வெறும் ஆழம். கரையோட ஓரமா, கரைக்கு இணையா போடு. செவுத்துப் பக்கம் நின்னு செவுத்த ஒட்டி இழுத்தா லூர் போற வழி பூராவும் மீனு நிக்கிற வழி.

18 மார்ச்

எடத்த சொல்லுங்கண்ணேன்னு ஒம்போது பேரு கேட்டுட்டீங்க. சொல்லமாட்டேன். ஏன்னு சொல்றேன்.

2019ல எனக்கு ஒரு குட்டை இருந்துச்சு. கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்ளதான். ஒரு காலையில மூனு கிலோ ராஜா, தலையில கொம்பு மாதிரி கொழுப்பு மேடு வெச்ச ஆண் மீனு, வாலுல கண்ணு வரைஞ்ச மாதிரி பொட்டு, வயிறு மஞ்சளா. சந்தோஷத்துல போட்டோ எடுத்து போட்டுட்டேன். எடம் பேரு போடல, நான் என்ன முட்டாளா. ஆனா எனக்குப் பின்னால மரத்துக்கு மேல ஒரு மஞ்ச தண்ணித்தொட்டி நின்னுச்சு. அடுத்த ஞாயிறு போனா 14 காடி. ஒருத்தன் என்கிட்டயே வந்து "அண்ணே இங்க மீனு இருக்குன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?"ன்னு கேட்டான். ரெண்டு மாசத்துல கரை பூரா பொலிஸ்டிரீன் பொட்டியும் அந்து போன நரம்பும்தான் மிச்சம். குட்டைய வாங்கினவங்க வேலி போட்டுட்டாங்க. அப்புறம் நான் போகவேயில்ல.

13 ஏப்ரல்

நாளைக்கு வருஷப் பொறப்பு, அதுக்கு முன்னாடி எழுதிடறேன். மழை வந்துருச்சு. தெனமும் மூனு நாலு மணிக்கு இருட்டிக்கிட்டு வருது. பாலோங் கால் மூழ்கிருச்சு, இப்ப அங்க வெறும் தண்ணி, எங்கிட்ட போட்டோ இல்லேன்னா நானே நம்பமாட்டேன்.

இடி சத்தம் கேட்டா தூண்டில கீழ போட்டுட்டு காடிக்குள்ள போ. கார்பன் ஜோரான்ல மின்சாரம் ஓடும், நீ வானத்த பாத்து ஒரு கம்பிய நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி. இன்னும் ஒரே ஒரு வீச்சுங்கற ஆசதான் ஆள கொல்லும்.

பெரிய மழைக்கு மறுநாள் போகாத. இது நான் சூடு பட்டு கத்துக்கிட்டது. சில்லுத்தண்ணி மேல விழுந்து குட்டைய கலக்கி விட்டுரும், காத்து கம்மியான அடித்தண்ணி மேல வரும், மீனு வாயத் தொறந்து தொறந்து மூடும், திங்காது. தண்ணியும் தே தாரேக் டீக் கலர்ல இருக்கும், பாத்து அடிக்கிற மீனு எதப் பாக்கும்? ரெண்டு மூனு நாள் விடு. தெளிஞ்சு பச்சையானப்புறம் போ.

27 ஏப்ரல்

22 எட்டு.

காலையில எட்டரை. ஏழு சென்டி மின்னோவ் லூர், முதுகு பச்சை, வயிறு ஆரஞ்சு. மொத வீச்சு ஒன்னுமில்ல. ரெண்டாவது, பாலோங் காலுங்க இருக்கற எடத்துக்கு ஒரு மீட்டர் இந்தப் பக்கம் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்து நிறுத்தினேன். நிறுத்தறப்பதான் அடிச்சுச்சு. மெசின் கிர்ருன்னு கத்துது, மீனு நேரா காலுக்குள்ள பூறப் பாக்குது, நான் ஜோரான தண்ணியோட சாச்சு புடிச்சு இந்தப் பக்கம் இழுக்கறேன், கூட்டாளி சாவோக்க, அதான் மீன அள்ளற வலைய, வெச்சுக்கிட்டு என்ன விட சத்தமா கத்தறான். ஒன்னே முக்கா கிலோ. அதுக்கப்புறம் அதே எடத்துல இன்னும் ரெண்டு, சின்னது.

மூனையும் எடுத்துட்டு வந்தேன். விடலயான்னு கேப்பீங்க. தெரியும், விட்டாதான் ஸ்போர்ட்டு. ஆனா இது நம்ம மீனு இல்ல, நம்ம செலுவாங் பொடிமீனையும் விரால் குஞ்சையும் தின்னு தீக்குது, வெளிநாட்டு மீன ஆத்துல குட்டையில விடாதேன்னு மீன்வளத்துறை சொல்லிக்கிட்டே இருக்கு. அதே சமயம் எனக்கு சந்தோஷம் குடுக்கறதும் அதுதான். இது இல்லேன்னா நான் ஞாயித்துக்கெழம என்ன பண்ணுவேன், சாக்கடையில திரியற பண்டாராயா மீனா புடிப்பேன்? இந்த விஷயத்துல எனக்கே ஒரு முடிவு இல்ல, திங்கறப்ப மட்டும் முடிவா இருக்கேன். முள்ளு கம்மி, வெள்ளைச் சதை, மஞ்சளும் மொளகாத்தூளும் தடவி பொரிச்சா வஞ்சிரம் தோத்துரும். பழைய குட்டை மீன அடிக்கடி திங்க நான் யோசிப்பேன், ஈயத்தாதோட ஆர்சனிக்கும் சேந்து கெடக்கற மண்ணு இது. வருஷத்துக்கு ரெண்டு தரம், அவ்ளோதான்.

28 ஏப்ரல்

வஞ்சிரம் தோத்துரும்னு எழுதினத வாபஸ் வாங்கிக்கறேன். பினாங்கு மாமா போன் பண்ணி திட்டினாரு.

18 மே

தம்பிக்கு கெடைச்சிருச்சு. பூச்சோங் குட்டைய விட்டுட்டு வேற ஒன்னு தேடிப் போனானாம், பிப்ரவரியில நான் எழுதினத படிச்சுட்டு மார்ச்ல தண்ணி வத்தினப்ப ரெண்டு தரம் சும்மா நடந்து பாத்து போட்டோ எடுத்து வெச்சிருந்தானாம், மணல் நாக்கு நுனியில ஒரு கவுந்து கெடந்த மரம். நேத்து அங்கதான். ரெண்டு கிலோவுக்கு மேலயே இருக்கும், தலையில மேடு, நல்ல ஆண் மீனு. போட்டோ பாத்தேன்.

தம்பி, ரொம்ப சந்தோஷம். ஆனா அந்தப் போட்டோவ ஒடனே எடுத்துட்டு, மேல் பாதிய வெட்டிட்டு மறுபடி போடு. உன் தோளுக்குப் பின்னால மரத்துக்கு மேல மஞ்ச தண்ணித்தொட்டி தெரியுது. வேலியில ஓட்டை எந்தப் பக்கம்னு எனக்கு தனியா மெசேஜ் போடு.